சேருமா, சேராதா? ரத்தப் பொருத்தம்: அன்றும் இன்றும்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ராத்திரி பகல் கிடையாது. ராமநாதபுரம், காரைக்குடி, புதுக்கோட்டை, நாகர்கோவில் என்று எந்நேரமும் வண்டி வந்துகொண்டே இருக்கும். இறங்குகிற கூட்டத்தில் ஸ்கேன் உறையையும் பிளாஸ்டிக் ஃபைலையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்று. சிலர் மேலூர் ரோட்டில் மீனாட்சி மிஷன் பக்கம் ஆட்டோ ஏறுவார்கள். சிலர் டவுன் பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டு இல்லை. அப்போதெல்லாம் மேலூர், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். கவர்னர் எர்ஸ்கின் பெயரில் 1940-ல் எழுந்த ஆஸ்பத்திரி அது. பிற்பாடு ராஜாஜி பெயர் வைத்தார்கள். வயசாளிகள் வாயில் இன்னமும் எர்ஸ்கின்தான்.

"ரத்தம் வேணும், ஆள் கூட்டியாங்க" என்ற பேச்சு மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரருக்கு ரத்தம் என்றால் ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ், அவ்வளவுதான். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு எச்ஐவி கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்திக்குப் பிறகு, நோய்க்கிருமி சோதனை என்று ஒன்று இருப்பதும் பரவலாகத் தெரியும். மூன்றாவதாக ஒரு சோதனை நடப்பது வெளியில் அநேகமாக யாருக்கும் தெரியாது. நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே உருவாகிக் காத்திருக்கும் எதிர்ப்பொருளை, லேப் பாஷையில் ஆன்டிபாடியை, கண்டுபிடித்துப் பெயர் வைக்கிற வேலை அது. அன்றைய ரத்த வங்கி, "இந்தப் பையும் இந்த ஆளும் சேருமா?" என்று கேட்டது. இன்றைய ரத்த மையம், "இவர் உடம்பு யார் யாருடைய ரத்தத்தைச் சேர்க்காது, எதனால்?" என்று கேட்கிறது. முதல் கேள்வியிலிருந்து இரண்டாவதுக்கு வந்து சேர முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

வெள்ளை ஓடும் கண்ணாடி பாட்டிலும்

வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் தன்னோடு வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையே எடுத்து, ஒருவரது சிவப்பணுவை இன்னொருவரது சீரத்தில் கலந்து பார்த்துத்தான் ஏ, பி, ஓ என்ற பிரிவுகளைப் பிரித்தார். அடுத்த வருஷம் ஏபி வந்து சேர்ந்தது. 1907-ல் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பர்க், ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் கொடுப்பவர் ரத்தத்தையும் வாங்குபவர் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் கிராஸ்மேட்சைத் தொடங்கினார். லாண்ட்ஸ்டைனருக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இந்த விஞ்ஞானம் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் நடந்தது. ஓட்டின் குழியில் ஒரு சொட்டு ரத்தம், அதன் மேல் ஒரு சொட்டு ஆன்டிசீரம். நீலச் சாயம் போட்டது ஆன்டி-ஏ, மஞ்சள் ஆன்டி-பி. குச்சியால் கலக்கி ஓட்டை முன்னும் பின்னும் சாய்த்தால், பொருந்தாத அணுக்கள் மணல் மணலாகத் திரளும். சித்திரை, வைகாசியில் இதற்கு ஒரு சத்துரு உண்டு. மின்விசிறிக்கு அடியில் சொட்டின் ஓரம் காய்ந்து, திரளாததும் திரண்டதுபோலத் தெரியும். அவசரத்தில் பார்க்கிற கண் ஏமாந்துபோகும்.

ரத்தம் கண்ணாடி பாட்டிலில் வரும். கொடுப்பது பெரும்பாலும் வீட்டு ஆள்: அண்ணன், தம்பி, மாப்பிள்ளை. ஆள் கிடைக்காதவர்களுக்குக் காசுக்கு ரத்தம் விற்கிறவர்கள் இருந்தார்கள். அந்தத் தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது 'காமன் காஸ்' வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. காசுக்கு ரத்தம் கொடுப்பது இரண்டு வருஷத்துக்குள் ஒழிய வேண்டும் என்றது; 1998 ஜனவரியிலிருந்து அது சட்டத்துக்குப் புறம்பானது.

வெள்ளை ஓட்டுக்குப் பிடிபடாத ரகங்கள் உண்டு. அதற்குப் பேர்பெற்ற சாட்சி 1952-ல் பம்பாயில் கிடைத்தது. ஒருவர் ரயில் விபத்தில் அடிபட்டவர், இன்னொருவர் கத்திக்குத்துப் பட்டவர். ஓட்டில் பார்த்தால் இரண்டு பேரும் ஓ. ஆனால் எந்த ஓ ரத்தத்தைக் கொடுத்தாலும் அவர்களது சீரம் அதைத் திரட்டித் தள்ளியது. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் என்ற பொருளே அவர்களது அணுக்களில் இல்லை என்று டாக்டர் ஒய். எம். பெண்டேயும் கூட்டாளிகளும் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அதுதான் பம்பாய் வகை. இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்வார்கள். அவர்களுக்கு இன்னொரு பம்பாய் வகை ஆளின் ரத்தம்தான் சேரும். அணுவை மட்டும் சோதித்து அவர் சீரத்தைச் சோதிக்காமல் விட்டால், இவரும் ஒரு சாதாரண ஓ ஆளாகவே வெளியே போவார்.

மாட்டு வைத்தியம் படித்தவரின் யோசனை

ஏ, பி இரண்டும் தெரிந்த பகை. இரண்டில் தன்னிடம் இல்லாததற்கான எதிர்ப்பொருள், பிறந்த சில மாதங்களிலேயே தானாக வந்துவிடும். நாம் பேசுகிற ஆன்டிபாடி வேறு சாதி. அது தானாக வராது. அந்நிய ரத்தம் உள்ளே வந்தால்தான் வரும், அதற்கு இரண்டு வழி: ரத்தம் ஏற்றுதல், கர்ப்பம். கருவிலிருக்கும் பிள்ளையின் அணு தாயின் ரத்தத்தில் கலந்தால், தகப்பன் வழி வந்த அடையாளம் தாய்க்கு அந்நியம்.

1939-ல் பிலிப் லெவைனும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் எழுதிய ஒரு கேஸ் இரண்டு வழியையும் ஒரே உடம்பில் காட்டியது. இறந்த பிள்ளையைப் பெற்ற ஒரு பெண்ணுக்குப் புருஷனின் ரத்தத்தை ஏற்றினார்கள். உடம்பு கடுமையாக எதிர்த்தது. அவள் சீரத்தை 104 பேரின் பொருத்தமான ரத்தத்தோடு கலந்து பார்த்தபோது 80 பேரின் அணுக்கள் திரண்டன. பின்னாளில் ஆர்எச் என்று பெயர் பெற்ற காரணி அது. பிரசவ வார்டில் பெண்டாட்டிக்குப் புருஷன் ரத்தம் கொடுப்பது அந்தக் காலத்தில் பாசத்தின் அடையாளம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு இன்று கூடியமட்டும் அதைத் தவிர்ப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். பிள்ளை வழியாக அவள் உடம்பு ஏற்கெனவே புருஷனின் அணுவைப் பார்த்து வைத்திருக்கலாம்.

இந்த இரண்டாம் சாதி ஆன்டிபாடி அணுவில் போய் ஒட்டும், ஆனால் இரண்டு அணுக்களைச் சேர்த்து இழுத்துக் கட்டாது. ஓட்டிலோ உப்புநீரிலோ பார்த்தால் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். உடம்புக்குள் போன பிறகுதான் காய்ச்சல், கருத்த சிறுநீர், மஞ்சள் காமாலை. இதற்கு வழி கண்டவர் கேம்பிரிட்ஜில் இருந்த ராபின் கூம்ஸ். எடின்பரோவில் மாட்டு வைத்தியம் படித்தவர். போர்க்காலத்தில் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வரும் ரயிலில் இந்த யோசனை தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். மனித எதிர்ப்பொருளை முயலுக்குள் செலுத்தினால் முயல் அதற்கே ஓர் எதிர்ப்பொருள் செய்யும். அந்த முயல் சீரத்தை, ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களின் மேல் விட்டால் அது பாலமாக நின்று அணுக்களைக் கோத்துவிடும். கண்ணுக்குத் தெரியும்படி திரட்சி வரும். மூரன்ட், ரேஸ் இருவரோடும் சேர்ந்து 1945-ல் கூம்ஸ் இதை வெளியிட்டார். அடுத்தடுத்து கெல் 1946-ல், டஃபி 1950-ல், கிட் 1951-ல் என்று புதுப் புது ரத்தப் பிரிவுகள் வெளிவந்தன. பெரும்பாலும் அந்த ஆன்டிபாடியைத் தாங்கியிருந்த நோயாளிகளின் பெயர்கள்தான் அவை. இன்று அங்கீகரிக்கப்பட்ட பிரிவுகள் 45-க்கும் மேல்.

தட்டிப் பார்க்கிற கை

கூம்ஸ் சோதனை வந்தபின் நாற்பது ஐம்பது வருஷம் லேபை ஆண்டது சின்னக் கண்ணாடி டெஸ்ட் டியூப். அந்தக் காலத்து டெக்னீசியன் ஒருவரின் கையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் வேலையின் கஷ்டம் புரியும். நோயாளியின் சீரம் இரண்டு சொட்டு, கொடையாளரின் அணு ஒரு சொட்டு. 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் முக்கால் மணி, ஒரு மணி நேரம். பிறகு உப்புநீர் ஊற்றி, சுழலியில் சுற்றி, ஒரே வீச்சில் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். மறுபடி ஊற்று, சுற்று, கொட்டு. மூன்று முறை. மேலே நிற்கும் சீரம் துளி மிஞ்சினாலும், அதிலிருக்கும் எதிர்ப்பொருள் கூம்ஸ் சீரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். பொல்லாத ரத்தமும் நல்லதாகத் தெரியும். அதனால்தான் 'திரட்சி இல்லை' என்று வந்த டியூபில் ஆன்டிபாடி ஏற்கெனவே பூசிய அணுவை ஒரு சொட்டு விட்டுச் சரிபார்ப்பார்கள். அது திரண்டால் கழுவியது சரி. திரளாவிட்டால் ஆரம்பத்திலிருந்து எல்லாம்.

கடைசியில் விளக்குக்கு எதிரே டியூபைச் சாய்த்து, விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது. அடியில் இருக்கிற அணுப் பொட்டு ஒரே கட்டியாக எழும்பினால் நாலு பிளஸ். உடைந்து நொறுங்கினால் இரண்டு. கலங்கிய சிவப்பில் துளித்துளியாக ஏதோ மிதந்தால் ஒன்று, அல்லது 'வீக்'. கொஞ்சம் ஓங்கித் தட்டிவிட்டால் அந்த 'வீக்' கலைந்து காணாமல் போகும். ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கண். ராத்திரி டூட்டிக்காரர் ஒன்று என்று எழுதியதைக் காலையில் வந்தவர் சரிபார்க்க வழி கிடையாது. டியூப் அதற்குள் சிங்க்குக்குப் போயிருக்கும். மிஞ்சுவது நோட்டில் உள்ள எழுத்து மட்டும்.

'ரூம் டெம்பரேச்சர்' என்று புத்தகம் சொல்வது இருபத்திரண்டு டிகிரி சுமார். ஏசி இல்லாத மதுரை லேபில் மே மாதத்து ரூம் டெம்பரேச்சர் எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆன்டி-எம் போல, குளிரில் மட்டும் வாலாட்டுகிற எதிர்ப்பொருள்கள் சில உண்டு. பெரும்பாலும் உடம்புச் சூட்டில் அவை சும்மா கிடக்கும். வெக்கையான லேபில் அவை தலை காட்டுவது குறைவு. லேபைக் குளுகுளு என்று ஆக்கியபின் அவையும் எழுந்து வந்து கிராஸ்மேட்சைக் கலைக்கும். எது பொல்லாதது, எது வெறும் சலசலப்பு என்று பிரித்தறிகிற வேலையும் அதனால் கூடியது.

கொள்ளு, பப்பாளி, முயல்

அன்றைய ஆன்டிசீரம் உயிருள்ள ஒருவரிடமிருந்து வர வேண்டும். ஆர்எச் சோதனைக்கான சீரம், அந்த எதிர்ப்பொருள் உடம்பில் ஏறிப்போன தாய்மார்களின் ரத்தத்திலிருந்து வந்தது. ஒரு தாயின் சீரம் போல இன்னொரு தாயின் சீரம் இருக்காது. புட்டிக்குப் புட்டி வீரியம் மாறும்.

சிலவற்றை மண்ணே கொடுத்தது. பூனாவில் ராணுவ மருத்துவக் கல்லூரியில் இருந்த ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட், 1951-ல் கொள்ளை ஊறவைத்து எடுத்த சாற்றைச் சிவப்பணுவில் விட்டுப் பார்த்தார். ஏ வகையில் ஏ-ஒன் என்ற உட்பிரிவை மட்டும் அது திரட்டியது. மாட்டுக்கும் குதிரைக்கும் போடுகிற அதே கொள்ளு. ஏ-ஒன், ஏ-டூ பிரிக்க உலகம் முழுக்க அந்தச் சாறு இன்றும் புட்டியில் இருக்கிறது. பம்பாய் வகையைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டி-எச் சாறு, உலெக்ஸ் என்ற மஞ்சள் பூ முள்புதரின் விதையிலிருந்து வருவது. வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து வைத்து, இன்று ஊட்டிப் பக்கத்து மலைச்சரிவுகளில் களையாகப் பரவிக் கிடக்கும் புதர்தான் அது. பப்பாளிப் பாலில் எடுத்த பப்பேன், அத்தி இனத்துப் பாலில் எடுத்த ஃபைசின் இரண்டும் சிவப்பணுவின் மேல்தோலைச் செதுக்க உதவின. செதுக்கிய அணுவில் டஃபி, எம், என் அடையாளங்கள் அழிந்துபோகும். ஆர்எச், கிட் ஆன்டிபாடிகள் இன்னும் பலமாகப் பிடிக்கும். ஒரே சீரத்தைச் செதுக்கிய அணுவிலும் செதுக்காத அணுவிலும் ஓட்டிப் பார்த்து, இது டஃபியா கிட்டா என்று அந்தக் கால ஆட்கள் பிரித்துவிடுவார்கள். இன்றும் சிக்கலான கேசுக்கு அதே கைவேலைதான்.

1975-ல் ஜார்ஜஸ் கோஹ்லரும் சீசர் மில்ஸ்டைனும் ஒரே ரக எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் செய்து தரும் செல்லை வளர்த்துக் காட்டினார்கள்; 1984-ல் நோபல் வாங்கினார்கள். அதன்பின் தாய்மார்களின் சீரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. இன்று ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி எல்லாம் மானோகுளோனல். எந்தப் புட்டியைத் திறந்தாலும் ஒரே வீரியம்.

கவிழ்த்துக் கொட்டாத சோதனை

லேபின் தோற்றத்தையே மாற்றியவர் பிரான்சில் லியோன் நகரத்து யீவ் லாப்பியர். 1980-களின் நடுவில் அவர் செய்தது கேட்பதற்கு எளிது. அணுக்களை ஜெல் நிரப்பிய மெல்லிய குழாயில் விட்டுச் சுழற்றினால், தனி அணு ஜெல்லின் இடுக்கில் நுழைந்து அடிக்குப் போய்ப் பொட்டாக உட்காரும். திரண்ட அணு நுழைய முடியாமல் மேலேயோ நடுவிலோ மாட்டிக்கொள்ளும். ஜெல்லில் கூம்ஸ் சீரம் முன்கூட்டியே கலந்திருக்கும். சீரம் மேலேயே தங்கிவிடுவதால் மூன்று முறை கழுவும் வேலை கிடையாது. சுவிட்சர்லாந்தின் டயாமெட் நிறுவனம் இதைக் கார்டாக்கி விற்றது. 2007-ல் அது பயோ-ராட் கைக்குப் போனது.

இன்று மதுரையின் பெரிய ரத்த மையங்களில் பார்க்கலாம்: விசிட்டிங் கார்டு அளவு பிளாஸ்டிக் கார்டு, அதில் ஆறு குழாய். அணு ஐம்பது மைக்ரோலிட்டர், சீரம் இருபத்தைந்து. கால் மணி நேரம் சூட்டில், பத்து நிமிஷம் சுழற்சியில். மேலே சிவப்புக் கோடு நின்றால் நாலு, அடியில் பொட்டு விழுந்தால் பூஜ்யம். தட்டிப் பார்க்கத் தேவையில்லை. காலையில் வந்தவர் அதே கார்டை எடுத்துச் சரிபார்க்கலாம். படமெடுத்து ஃபோனில் அனுப்பிப் பெரியவர்களிடம் கேட்கலாம். பெரிய இடங்களில் பார்கோடைப் படித்து, சொட்டு விட்டு, சுழற்றி, முடிவையும் எழுதிவிடும் மெஷினே வந்துவிட்டது. கையின் வித்தியாசம் போனது. பதிவு மிஞ்சுகிறது. ஜெல் கார்டு கொண்டுவந்த பெரிய மாற்றமாக நான் நினைப்பது இந்தப் பதிவைத்தான்.

பதினோரு பேர் அணிவகுப்பு

மெஷின் 'ஏதோ இருக்கிறது' என்று சொல்லிவிடும். அது என்ன என்று சொல்ல இன்னமும் ஆள் வேண்டும். முதலில் மூன்று கொடையாளர்களின் அணுக்களோடு நோயாளியின் சீரத்தை ஓட்டுவார்கள். அது ஸ்கிரீனிங். அதில் ஒன்று பிடித்தால் அடுத்து பேனல். போலீஸ் ஸ்டேஷனில் அடையாள அணிவகுப்பு வைப்பது போல, எந்தெந்த அடையாளம் இருக்கிறது, எது இல்லை என்று முன்பே தெரிந்த பதினோரு கொடையாளர்களின் அணுக்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். எல்லாரும் ஓ வகை, ஏ-பி பகை குறுக்கே வரக் கூடாது என்பதற்காக. கூடவே நோயாளியின் சொந்த அணுவும் ஒரு குழாயில் நிற்கும். அதுவும் திரண்டால் உடம்பு தன்னையே எதிர்க்கிறது என்று அர்த்தம். அது வேறு வழக்கு.

ஒரு பேனலைப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, ரத்தசோகை, அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு குழாயில் மூன்றில் மட்டும் கோடு மேலே நிற்கிறது; எட்டில் பொட்டு அடியில். முதலில் அந்த எட்டைத்தான் எடுக்க வேண்டும். திரளாத அணுவில் என்னென்ன அடையாளம் இருக்கிறதோ, அதற்கெல்லாம் எதிர்ப்பொருள் இல்லை என்று தாளில் பேனாவால் அடிக்கலாம். முதல் கொடையாளரிடம் ஆர்எச் பிரிவின் டி, பெரிய சி, சின்ன ஈ மூன்றும் உண்டு, திரளவில்லை, மூன்றையும் அடி. இன்னொருவரிடம் சின்ன சி இரட்டையாக உண்டு, திரளவில்லை, அதையும் அடி. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே அடையாளத்தை வாங்கிய 'இரட்டை' அணுவாக இருந்தால்தான் பல அடையாளங்களைத் துணிந்து அடிக்க முடியும். ஒற்றையாக இருக்கும் அணுவில் பலவீனமான கிட் ஆன்டிபாடி பிடிக்காமல் நழுவிவிடும். கடைசியில் அடிபடாமல் மிஞ்சுவது பெரிய ஈ. பிடித்த மூன்று அணுவிலும் அது இருக்கிறது, பிடிக்காத எட்டிலும் இல்லை. மூன்று அணுவிலாவது பிடிக்க வேண்டும், மூன்று அணுவிலாவது பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. தற்செயலாக அப்படி அமைய இருபதில் ஒரு வாய்ப்புதான். அந்த அம்மாவின் சொந்த அணுவில் பெரிய ஈ இல்லை என்றும் பார்த்துவிட்டால் வழக்கு முடிந்தது.

பெயர் தெரிந்ததும் வேலை சுலபமாகிறது. நம் பக்கத்துக் கொடையாளர் ஐந்து பேரில் ஏறக்குறைய நாலு பேருக்குப் பெரிய ஈ இருக்காது. பெயர் தெரியாமல் பை பையாக கிராஸ்மேட்ச் போட்டாலும் சேருகிற பை கிடைக்கும்தான். ஆனால் பெரிய ஈ-க்கு எதிர்ப்பு வந்த உடம்பில் சின்ன சி-க்கும் எதிர்ப்பு பதுங்கியிருப்பது அடிக்கடி நடப்பது. இன்று பிடிபடாத அளவுக்கு அது மெலிதாக இருக்கலாம். அதனால் சின்ன சி-யும் இல்லாத பையாகத் தேடினால் நல்லது. அப்போது ஐந்தில் இரண்டு பைதான் தேறும். பையை மட்டும் பார்த்த அன்றைய முறைக்கு இந்த முன்யோசனை எட்டாது.

அயலூர் அணுக்கள்

அணிவகுப்பில் நிற்கிற அந்தப் பதினோரு பேர் யார்? பல லேப்களில் அவர்கள் வெளிநாட்டுக் கொடையாளர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தயாராகி, குளிர்பெட்டியில் வந்து சேரும் அணுக்கள். ஆயுள் சில வாரம்தான். விமானத்திலும் சுங்கத்திலும் பாதி போய்விடும். விலையும் கூட. அங்கே அதிகம் தொல்லை கொடுக்கும் கெல், நம் ஜனங்களில் மிகச் சிலருக்கே இருக்கிறது. நம் ஜனங்களிடம் இருக்கிற சில அடையாளங்கள் அந்தப் பதினோரு பேரில் ஒருவரிடமும் இல்லாமல் போகலாம். 1973-ல் பம்பாயில் படக்கரேயும் குழுவினரும் கண்டுபிடித்த ஐஎன்-ஏ அடையாளத்துக்கு 'இந்தியன்' என்றே ரத்தப் பிரிவுப் பெயர். இங்கே நூற்றில் மூன்று நான்கு பேருக்கு இருக்கிறது, வெள்ளைக்காரர்களிடம் அநேகமாகக் கிடையாது. வெளிநாட்டுப் பேனலில் அதற்கு எதிரான ஆன்டிபாடி எப்படிப் பிடிபடும்? தங்கள் கொடையாளர்களையே வகை பிரித்துச் சொந்தமாகப் பேனல் செய்துகொள்ளும் மையங்கள் இந்தியாவில் உருவாகியிருப்பது இதனால்தான். பிடிபடாத கேசுகளுக்கு மும்பையில் தேசிய நோய்த்தடுப்புக் குருதியியல் நிறுவனம் இருக்கிறது. 1957-ல் ரத்தப் பிரிவுகளுக்கான ஆய்வு மையமாகத் தொடங்கியது.

புது மருந்துகளும் புதுத் தலைவலி கொடுக்கின்றன. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மையலோமாவுக்கு 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாராடுமுமாப், தானே ஓர் எதிர்ப்பொருள். அது சிவப்பணுவிலும் கொஞ்சமாக இருக்கிற சிடி38 என்ற பொருளில் போய் ஒட்டும். அந்த மருந்து எடுத்துக்கொண்டவரின் சீரத்தை ஓட்டினால் பதினோரு குழாயிலும் கோடு மேலே நிற்கும். டைதயோத்ரைட்டால் (DTT) என்ற ரசாயனத்தால் அணுக்களிலுள்ள சிடி38-ஐச் சிதைத்துவிட்டுச் சோதித்தால் மருந்தின் மாயம் விலகும். அதே ரசாயனம் கெல் அடையாளத்தையும் அழித்துவிடுவதால், கெல் இல்லாத ரத்தமாகக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்னாலேயே நோயாளியின் ரத்த அடையாளங்களை முழுதாகப் பார்த்து எழுதிவைப்பது இன்னும் உத்தமம். அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களின் உடம்பில் கொடையாளர் அணுவும் கலந்திருக்கும். அவர்களுக்கு டிஎன்ஏ பார்த்து ரத்த வகையைச் சொல்கிற முறையும் வந்துவிட்டது.

இத்தனை வந்தும், எல்லா ஊரிலும் ஸ்கிரீனிங் வழக்கமாகிவிடவில்லை. கிராஸ்மேட்சோடு நிறுத்திக்கொள்ளும் இடங்கள் இன்றும் உண்டு. மாட்டுத்தாவணியில் இறங்குகிற நோயாளி ஒரே மருத்துவத்துக்குள் இரண்டு காலங்களையும் பார்த்துவிடலாம். சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் டியூப், மதுரையில் ஜெல்.

'ரெண்டு பாட்டில் ஏத்தலையா?'

மதுரைப் பக்கத்து ரத்த மையக் கவுண்டரில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

"தம்பி, அம்மாவுக்கு இதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்திருக்காகளா?"

"இல்லக்கா, இதான் மொதத் தடவ."

பின்னாலிருந்து பெரியம்மா குரல் வரும்: "ஏன்டா, ஒந்தங்கச்சி பொறந்தப்ப எர்ஸ்கின்ல ரெண்டு பாட்டில் ஏத்தலையா? அதுக்கு முந்தி ஒரு பிள்ள தவறிப்போச்சுல்ல, அதையும் சொல்லு."

இந்தப் பேச்சில் இருப்பது எந்தக் கார்டிலும் இல்லை. பாட்டில் என்ற சொல்லே ஏற்றிய காலத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு பிரசவம், ஒரு பிள்ளை இழப்பு, இரண்டு யூனிட் ரத்தம்: தம்பி பிறந்ததையும் சேர்த்தால் அந்நிய அணுவை அந்த உடம்பு சந்தித்த தருணங்கள் நான்கு. டெக்னீசியன் இதைக் கேட்டதும் கிராஸ்மேட்சோடு விடாமல் ஸ்கிரீனிங்குக்கும் எடுத்து வைப்பார்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கிட் வகை ஆன்டிபாடியின் குணம் அப்படி. உருவான சில மாதங்களிலேயே அது குறைந்து, சோதனைக்குப் பிடிபடாத அளவுக்குப் போய்விடும். டியூபிலும் தெரியாது, ஜெல்லிலும் தெரியாது, மெஷினிலும் தெரியாது. ஸ்கிரீனிங் சுத்தம், கிராஸ்மேட்சும் சேரும். ரத்தம் ஏற்றிய பிறகு உடம்பு பழைய பகையை ஞாபகம் வைத்துச் சில நாளில் ஆன்டிபாடியைக் குவித்துவிடும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து, வீட்டுக்குப் போனபின், ஏற்றிய ரத்தமெல்லாம் சிதைந்து மஞ்சள் காமாலை வரும். கல்லீரல் கெட்டுவிட்டது என்று கீழாநெல்லி தேடுவார்கள். போன வாரம் ஏற்றிய ரத்தத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இதற்கு மருந்து ஒரு துண்டுக் காகிதம். ஒரு முறை ஆன்டிபாடி கண்டுபிடித்துப் பெயர் வைத்தால் அதை டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு அட்டையாகவும் கையில் கொடுத்துவிட வேண்டும். "இவருக்கு கிட் ஆன்டிபாடி உண்டு, சோதனையில் தெரியாவிட்டாலும் அந்த அடையாளம் உள்ள ரத்தம் கொடுக்கக் கூடாது" என்று தமிழிலும் இருந்தால் வீட்டில் தூக்கிப் போட மாட்டார்கள். தலசீமியாக் குழந்தைகள் போல வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றுகிறவர்களுக்கு, முதல் பை ஏற்றும் முன்பே ஆர்எச், கெல் அடையாளங்களைப் பார்த்து எழுதிக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை வராமலே போகும். ஒரு ஆஸ்பத்திரியின் கணினியில் இருப்பது அடுத்த ஆஸ்பத்திரிக்குத் தெரியாத வரைக்கும், இந்த அட்டைதான் இரண்டுக்கும் நடுவே ஓடுகிற கடிதம். ரேஷன் கார்டையும் நிலப் பட்டாவையும் பத்திரமாக வைத்திருக்கிற ஜனங்களுக்கு, கொடுக்கிறவர் காரணத்தோடு சொல்லிக் கொடுத்தால், இதையும் வைத்திருக்கத் தெரியும்.